மட்டக்களப்புப் பக்கம் மோட்டார் சைக்கிள் களவு போனால் பொலிஸ் எப்படித் தேடுவார்கள்? களவு போகாமல் என்ன செய்யலாம்?

நம்பர் பிளேட்டை வைத்துத்தான் தேடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பிளேட்டை மாற்ற ஐந்து நிமிடம் போதும். வண்டியை உறுதிப்படுத்தப் பொலிஸார் கடைசியில் பார்ப்பது சேசிஸ் (வண்டிச் சட்டகம்) இலக்கத்தையும் இஞ்சின் இலக்கத்தையும்தான். இந்த இலக்கங்கள் உள்ள வாகனப் பதிவுப் புத்தகம் லீசிங் கொம்பனியில் இருந்தால் அதன் பிரதியொன்றை இன்றே எடுத்து வையுங்கள்.

களவு தெரிந்தவுடன் 119க்கு அழையுங்கள். முறைப்பாட்டைச் சம்பவம் நடந்த இடத்துக்குரிய நிலையத்தில் பதிய வேண்டும்: வீடு ஏறாவூர் என்றாலும், களவு போனது காத்தான்குடியில் என்றால் காத்தான்குடிக்குத்தான் போக வேண்டும். முதல் ஒரு மணித்தியாலம் மிகப் பெறுமதியானது. எழுவான்கரையிலிருந்து (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) படுவான்கரைக்கு (வாவிக்கு மேற்கே) வண்டியைக் கொண்டுபோக வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று பாலங்கள்தான் பெரும்பாலும் வழி. தகவல் நேரத்துக்குப் போனால் அங்கே மறிக்கலாம். விடிந்த பிறகு சொன்னால் வண்டி எங்கேயோ போயிருக்கும்.

அடுத்தது கமரா. கடைகளில் உள்ள பதிவு, இடம் நிரம்பியதும் பழையதை அழித்து அதன்மேலேயே பதியும். அதனால் எந்தெந்தக் கடையில் கமரா இருக்கிறது என்று நீங்களே பார்த்துப் பொலிஸாரிடம் சொல்லுங்கள். கமராவின் மணிக்கூடு சரியான நேரத்துக்கு எத்தனை நிமிடம் பிந்தியோ முந்தியோ ஓடுகிறது என்பதையும் குறித்துக் கொடுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால், அடுத்த சந்திக் கமராவில் பிழையான நேரத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இலக்கத்தை அராவி விட்டால்? குத்திய இடத்தில் இரும்பு உள்ளே நெருக்கப்பட்டிருக்கும். மேற்பரப்பை அராவினாலும் அந்த நெருக்கம் கீழே மிஞ்சும். அமிலம் பூசும்போது பழைய இலக்கம் மங்கலாகத் தெரியும். நீதிமன்றத்தின் ஊடாக அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் அனுப்பி இதைச் செய்கிறார்கள். ஆழமாக அராவி வெல்டிங் வைத்திருந்தாலோ, அந்தத் துண்டையே வெட்டி மாற்றியிருந்தாலோ மீட்பது கஷ்டம்.

வண்டி கிடைத்தாலும் நேரே கையில் தரமாட்டார்கள். அது வழக்குச் சான்று; பி அறிக்கையோடு (பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் அறிக்கை) நீதவானிடம் போய், வழமையாகப் பதிவுச் சொந்தக்காரருக்குப் பிணைமுறியில் விடுவிக்கப்படும். பெயர் மாற்றாமல் திறந்த பத்திரத்தில் (பழைய சொந்தக்காரர் கையொப்பமிட்டு, வாங்குபவர் பெயரை நிரப்பாமல் விட்ட பத்திரம்) வாங்கி ஓடுபவர்கள் மாட்டுப்படுவது இங்கேதான். பழைய சொந்தக்காரர் வெளிநாட்டில் என்றால் பெரிய அலைச்சல். மூன்றாம் தரப்புக் காப்புறுதி களவுக்குப் பணம் தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தடுக்க: ஹேண்டில் லொக்கை மட்டும் நம்ப வேண்டாம், பலமாகத் திருகினால் உடையும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள வயர்களைக் கழற்றி இணைத்தால் பல வண்டிகள் சாவியில்லாமலே ஸ்டார்ட் ஆகும். அதனால் இஞ்சினுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்க, சீட்டுக்கு அடியில் மறைவாக ஒரு சுவிட்ச் போடுங்கள்; கராஜில் சின்ன வேலைதான். முன்சில்லுக்கு டிஸ்க் லொக் போடுங்கள், முடிந்தால் தூணோடு சேர்த்துச் சங்கிலியும். மாமாங்கம் கோயில் ஆடி அமாவாசை போன்ற சனக்கூட்டத்தில் காசு கொடுத்தாவது வாகனப் பாதுகாப்பு நிலையத்தில் விடுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது ஹேண்டில் கழுத்தில் உள்ள இலக்கத்தைத் துணியால் துடைத்து, புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகளின் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலோ அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவின் கீழ் குற்றம்.