ஏற்காட்டில் ஓடும் பழைய டீசல் பிக்கப்புக்குப் பவர் பிரேக் போடலாமா?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம் இது: ஜீப் வகையைச் சேர்ந்த பழைய டீசல் பிக்கப். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மிதிக்கும் காலுக்குத் துணையாகத் தள்ளும் பூஸ்டர் (பவர் பிரேக்கின் முக்கியப் பாகம்) கிடையாது. ஏற்காட்டிலிருந்து காப்பியும் மிளகும் ஏற்றிக்கொண்டு சேலம் இறங்குவதற்குள் பெடலை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துவிடுகிறது. பவர் பிரேக் போடலாமா, எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

போடலாம். சேலத்திலேயே செய்யக்கூடிய வேலைதான். இங்கே பிரேக் வேலை பார்ப்பவன் என்ற முறையில், கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கால் வலிக்கிறதா, வண்டி நிற்கவில்லையா? இரண்டும் வேறு வேறு. பூஸ்டர் உங்கள் காலின் பாரத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். பிரேக் ஷூவின் மேல் ஒட்டியிருந்து டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் தேய்ந்திருந்தாலோ, ஹப் சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் ஏறியிருந்தாலோ, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தாலோ, பூஸ்டர் எதையும் சரிசெய்யாது. அந்தக் கோளாறை மறைத்து வைக்கும், அவ்வளவுதான். அதனால் முதலில் நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். லைனிங் பளபளவென்று கண்ணாடி போல இருந்தால் மாற்றிவிடுங்கள். டிரம்மில் வரிப்பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுங்கள், ஆனால் டிரம்மில் பொறித்திருக்கும் அளவைத் தாண்டிக் கடைய விடாதீர்கள். ஷூ அட்ஜஸ்ட் செய்து, பிரேக் ஆயிலை முழுக்க மாற்றி, லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இதிலேயே பாதிப் பேருக்குக் கால் வலி போய்விடும். செலவும் குறைவு.

அதற்குப் பிறகும் பெடல் கனமாகத்தான் இருக்கிறது என்றால் பூஸ்டரைப் பற்றிப் பேசலாம்.

பூஸ்டர் என்பது ஒரு டப்பா, நடுவில் ரப்பர் டயாஃப்ரம். முன்பக்க அறையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து வைத்திருக்கும். பெடலை மிதித்ததும் பின்பக்க அறைக்குள் வெளிக்காற்று நுழைந்து டயாஃப்ரத்தைத் தள்ளும். 9 அங்குல டயாஃப்ரம் என்றால் பரப்பு 400 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வரும். நல்ல வேக்கம் (காற்றை உறிஞ்சியதால் உண்டாகும் வெற்றிடம்) இருந்தால் 250 கிலோவுக்கும் கூடுதலான தள்ளுவிசை உங்கள் காலோடு சேர்கிறது. தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம் என்பதால் மலைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு, பூஸ்டரின் உதவியும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே இடம் இருக்கிறவரை பெரிய பூஸ்டராகவே பாருங்கள். காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் சின்னக் கார் பூஸ்டர் லோடு வண்டிக்குப் போதாது.

இப்போது முக்கியமான விஷயம், காற்றை எது உறிஞ்சும் என்பது. பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழியை அடைக்கும் த்ராட்டில் மூடியிருக்கும்போது, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் தானாகவே வேக்கம் உண்டாகும். அங்கிருந்து ஒரு ஹோஸ் இழுத்தால் போதும். உங்கள் டீசல் இன்ஜினில் அப்படி இல்லை. காற்று தடையில்லாமல் உள்ளே போகிறது, மேனிஃபோல்டில் வேக்கம் கிடையாது. இணையத்தில் வெளிநாட்டுப் பெட்ரோல் பிக்கப்புகளுக்குச் செய்கிற மாற்றத்தைப் பார்த்துவிட்டு, பூஸ்டரை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். டீசலுக்குத் தனியாக வேக்கம் பம்ப் வேண்டும். நம் ஊர் டீசல் வண்டிகள் பலவற்றில் அது டைனமோவின் பின்புறத்திலேயே சேர்ந்து வரும். அந்தப் பம்புக்கு இன்ஜின் ஆயில் ஓட வேண்டும். இன்ஜினுக்குள் ஆயில் ஓடும் வழியான கேலரியிலிருந்து ஒரு மெல்லிய பைப்பும், ஆயில் திரும்பி அடியிலுள்ள தொட்டியான சம்ப்புக்கு வர ஒரு தடித்த ஹோஸும் கொடுக்க வேண்டும். திரும்பும் வழி சரியில்லை என்றாலோ பம்ப் சீல் போய்விட்டாலோ ஆயில் பூஸ்டருக்குள் ஏறி டயாஃப்ரத்தைக் கெடுத்துவிடும். என்னைக் கேட்டால், உங்கள் இன்ஜின் குடும்பத்திலேயே பின்னால் பவர் பிரேக்கோடு வந்த வண்டி எது என்று கண்டுபிடித்து, அதன் டைனமோ, பம்ப், பூஸ்டர், பெடலின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுப்பதுதான் சரி. டயாஃப்ரமும் ரப்பர் கப்புகளும் மட்டும் பழையதாக வேண்டாம்.

பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் வேக்கத்துக்கென்றே வருகிற தடித்த ஹோஸாக இருக்க வேண்டும். டீசல் ஹோஸ் மாட்டினால் உறிஞ்சும்போது அமுங்கிப்போகும். வழியில் ஒருவழி வால்வும் அவசியம்.

அடுத்தது இடம். பழைய ஜீப் வகை வண்டிகளில் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகும், மாஸ்டர் சிலிண்டர் சேஸியோடு கீழே இருக்கும். பூஸ்டரை அங்கேயே பொருத்தினால் சேறும் தண்ணீரும் அடிக்கும். பெடலை மேலிருந்து தொங்கும் மாதிரிக்கு மாற்றி, பூஸ்டரை இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் (ஃபயர்வால்) வைப்பது சுத்தமான வழி. ஆனால் பழைய தகடு அந்தப் பாரத்தைத் தாங்காது, உள்பக்கம் கனத்த பிளேட் வைத்து வலுப்படுத்த வேண்டும். மிதிக்கும்போது தகடு வளைந்தால் போட்ட பூஸ்டர் வீண்.

பெடலின் நெம்பு அளவையும் விட்டுவிடாதீர்கள். பூஸ்டர் இல்லாத வண்டியில் கால் பலத்தை ஏறக்குறைய ஆறு மடங்காக்கும்படி பெடல் இருக்கும். பூஸ்டர் வண்டியில் நான்கு மடங்கு போதும். பழைய பெடலையே வைத்தால் தொட்டதும் கவ்வும், எவ்வளவு மிதிக்கிறோம் என்பதே காலுக்குத் தெரியாது. மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறையாக இருந்தால் இதோடு சேர்த்து இரட்டை அறையுள்ளதாக மாற்றி, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் லைனைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். பூஸ்டரைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு லைன் வெடித்தாலும் மறு பக்கம் பிடிக்கும்.

பூஸ்டர் தண்டுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருக்க வேண்டும். தண்டு நீளமாகிப் பிஸ்டனை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருந்தால் பிரேக் ஆயில் அதன் டேங்குக்குத் திரும்பாது. ஓடும்போதே ஷூ உரசி, டிரம் சூடேறி, கடைசியில் சக்கரம் பிடித்துக்கொள்ளும். சமதரையில் இது உடனே தெரியாது, மலையில்தான் தெரியும். பொருத்துகிறவரை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பிக்கப்புக்கே உரிய இன்னொரு தொல்லை, காலியாகப் போகும்போது பின்பக்கத்தில் எடை இல்லாதது. பூஸ்டர் வந்த பிறகு கொஞ்சம் அழுத்தி மிதித்தாலும் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுக்கும். மழை நாளில் வளைவில் இது ஆபத்து. பாரத்துக்கு ஏற்ப பின்பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல பிக்கப்புகளில் பின் ஆக்ஸிலோடு கம்பி வைத்து வரும். அதையும் செட்டோடு எடுத்துவிடுங்கள்.

இனி மலையைப் பற்றி. அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். லோடோடு 2,500 கிலோ எடையுள்ள வண்டி 1,100 மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல், 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. அதை முழுக்க டிரம் தலையில் கட்டினால் டிரம் விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 3 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிவிட்டால் 140 வரை இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, 155. பூஸ்டர் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஏறின கியரிலேயே இறங்குங்கள், சூட்டில் கணிசமான பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும்.

டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் இறங்கும் பழக்கம் இந்த மலையில் இன்னும் இருக்கிறது. பூஸ்டர் இல்லாத வண்டியிலேயே அது தப்பு. பூஸ்டர் போட்ட வண்டியில் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். சேர்ந்திருக்கும் வேக்கம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும், அதுவும் நெம்பைக் குறைத்த பெடல். முன்பு இருந்ததைவிடக் கனமாக இருக்கும். வண்டியை வேறு யாராவது ஓட்டுவதாக இருந்தால் சாவி கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

வேலை முடிந்ததும் சோதிப்பது எளிது. இன்ஜின் நின்றிருக்கும்போது நாலைந்து முறை மிதித்து வேக்கத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடலை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் தானாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. பிறகு இன்ஜினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து மிதியுங்கள், முதல் மிதி இலகுவாக இருந்தால் ஒருவழி வால்வும் ஹோஸும் நன்றாக இருக்கின்றன. முதலில் காலியாகச் சமதரையில் ஓட்டுங்கள், அடுத்து பாதி லோடு. மலைக்கு அதற்குப் பிறகு போகலாம். முதல் முறை இறங்கியதும் அடிவாரத்தில் நிறுத்தி நான்கு ஹப் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தச் சக்கரம் உரசுகிறது.

வண்டி லோடு வண்டியாகப் பதிவானது, எட்டு ஆண்டைத் தாண்டியது என்றால் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள், மாட்டிய பாகங்களின் பில்லை எடுத்து வையுங்கள்.