விழுப்புரம் சந்திப்பு பழுதானால்: அல்சைமர் நோய் பற்றிய கேள்வி பதில்

அல்சைமர் என்னும் மறதி நோய் குறித்துப் புதுச்சேரி, கடலூர் வட்டார வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, முதியோரின் நினைவாற்றலைப் பல ஆண்டுகளாகப் பரிசோதித்துவரும் உளவியலாளர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): என் மாமியாருக்கு 71 வயது. கேட்டதையே மறுபடி மறுபடி கேட்கிறார். ஆனால் தம் கல்யாணப் பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். இவருக்கா மறதி நோய்?

பதில்: அம்மா, பழைய நினைவு தெளிவாக இருப்பதை வைத்துத்தான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. இன்று நடந்ததைப் பதியவைக்க மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேண்டும். அல்சைமர் பெரும்பாலும் அதற்கும் அதை ஒட்டிய பகுதிக்கும்தான் முதலில் கேடு செய்கிறது. கல்யாணப் பந்தி பல்லாண்டுகளுக்கு முன்பே மூளையின் மேற்புறணியில் பரவிப் பதிந்துவிட்டது. சாவியை வைத்த இடம் மறந்து, பிறகு ஞாபகம் வந்தால் அது வயதின் மறதி. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, 'யாரும் எனக்குச் சோறு போடவில்லை' என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கேள்வி (லாஸ்பேட்டை, கல்லூரி மாணவர்): இந்த நோய் மூளையின் வலைப்பின்னலையே மாற்றுகிறது என்று படித்தேன். அதன் பொருள் என்ன?

பதில்: தம்பி, நம் ஊர் ரயில் பாதையை எண்ணிக்கொள்ளுங்கள். சென்னை, திருச்சி, காட்பாடி, புதுச்சேரி, கடலூர் வழியே மயிலாடுதுறை என ஐந்து திசைப் பாதைகளும் விழுப்புரத்தில் கூடுகின்றன. வழியில் ஒரு சிறு நிலையம் மூடிக் கிடந்தால் சமாளிக்கலாம். விழுப்புரம் பழுதானால் எல்லாத் திசையும் தடுமாறும். மூளையிலும் அப்படிப்பட்ட சந்திப்புகள் உண்டு.

கடற்கரைச் சாலையில் ஒரு வேலையும் இல்லாமல் அலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்போது பழைய நினைவுகளும் நம்மைப் பற்றிய எண்ணங்களும் தாமாக வந்துபோகும். அந்த நேரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும் பகுதிகளின் கூட்டத்தை 'இயல்புநிலை வலைப்பின்னல்' என்கிறார்கள். அமெரிக்க நரம்பியலாளர் மார்க்கஸ் ரெய்க்கிலின் குழு 2001இல் இதைப் பற்றி எழுதியது. மூளையின் பின்புற நடுப்பகுதியில் இருக்கும் இதன் சந்திப்புகளில்தான் அமிலாய்டு புரதம் முன்னதாகவே படிகிறது. அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. டாவ் என்ற இன்னொரு புரதம் நரம்பணுக்களுக்குள் முடிச்சு விழுந்து, இணைப்புகள் வழியாகவே அடுத்தடுத்த பகுதிக்குப் பரவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒருகாலத்தில் ஒரே தாளத்தில் இயங்கிய பகுதிகள் தாளம் பிசகிப்போகின்றன. என்னை மிகவும் பாதித்த செய்தி ஒன்று உண்டு: தொடக்க நிலையில் ஹிப்போகேம்பஸ் வழக்கத்தைவிட அதிகமாகவே உழைப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். வீட்டார் 'அவர் கவனமே செலுத்துவதில்லை' என்று கோபப்படும் அதே நாட்களில் அந்த மூளை இரட்டிப்பாகப் பாடுபட்டுக்கொண்டிருக்கலாம்.

இந்தத் தாளத்தை அளக்கும் ஸ்கேன் இன்னும் ஆராய்ச்சிக் கருவிதான். ஒரு தனிமனிதருக்கு நோய் உண்டா இல்லையா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வி (நெல்லிக்குப்பம்): அப்படியானால் எந்த ஸ்கேன் எடுத்தால் தெரியும்?

பதில்: ஸ்கேனிலிருந்து தொடங்காதீர்கள். முதல் சான்று கூடவே வாழ்பவரின் வாய்மொழி. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மாறியவற்றைத் தேதியோடு எழுதுங்கள்: ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டது, பால் கணக்குத் தவறியது, பழகிய தெருவில் வழி தெரியாமல் நின்றது. கோரிமேட்டில் ஜிப்மரின் நரம்பியல் துறை இருக்கிறது. அங்கே போனாலும் வேறெங்கே போனாலும் அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.

அடுத்து நினைவு, மொழி, கவனத்துக்கான தேர்வுகள். கடிகாரம் வரையச் சொல்வதும் அதில் ஒன்று. பிறகு ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு அளவு. பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, கீழே விழுந்ததால் மண்டைக்குள் கசிந்த ரத்தம் ஆகிய எல்லாமே மறதி நோய்போல் தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இதைப் பார்க்காமல் அல்சைமர் என்று முடிவுகட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். எம்.ஆர்.ஐ. அந்த ரத்தக் கசிவு, கட்டி, பக்கவாதத் தழும்பு போன்றவற்றைக் காட்டும். ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருப்பதையும் காட்டும். அதன் பிறகும் ஐயம் இருந்தால்தான் தண்டுவட நீர்ப் பரிசோதனையும், மூளையில் படிந்த அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேனும்.

கேள்வி (பாகூர்): அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. அவருக்கு எப்படித் தேர்வு வைப்பார்கள்?

பதில்: நியாயமான கவலை. பரவலாக உள்ள 30 மதிப்பெண் தேர்வில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும் கேள்வி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் அங்கே இழக்கும் மதிப்பெண்ணுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. இதற்காகவே ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்கென்று இந்தியில் மாற்றி அமைத்த தேர்வு ஒன்று 1995இல் வெளியானது. படிக்காதவர் என்பதைப் பரிசோதிப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நாற்று நடவு முதல் அறுவடை வரை அவர் வரிசை பிசகாமல் சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி (அரியாங்குப்பம்): ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாமாமே? எனக்கு 45 வயது, எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். பி-டாவ் 217 என்ற புரதத்தை அளக்கும் ஒரு பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மை. அது 55 வயது நிரம்பி, அறிகுறியும் உள்ளவர்களுக்கு.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): மருந்து உண்டா?

பதில்: குணமாக்கும் மருந்து இல்லை. டோனெபெசில், மெமண்டின் ஆகியவை சிலருக்கு அறிகுறிகளைச் சற்றுத் தணிக்கும். லெகனெமாப் போன்ற புதியவை அமிலாய்டை அகற்றித் தொடக்க நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. அவற்றால் மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

கேள்வி (முதலியார்பேட்டை): 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அப்பா மருத்துவரிடம் வர மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: அது பிடிவாதம் இல்லை, தம்பி. தம் குறையை உணரும் திறனையும் இந்த நோய் பலரிடம் பறித்துவிடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. வாதாடாதீர்கள். ரத்த அழுத்தம் பார்த்து நாளாகிவிட்டது, போய்வரலாம் என்று கூப்பிடுங்கள். அதையும் பார்க்கத்தானே போகிறார்கள். மேலே சொன்ன நோட்டை முதல் நாளே மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்பாவை வைத்துக்கொண்டு அதைப் படித்துக்காட்ட வேண்டாம்.