மேய்ப்பர்களை வெளியேற்றினால்தான் பாலைவனத்தின் அரிய செடிகள் பிழைக்குமா?

ஆடு மேயும் இடத்தில் அரிய செடி எப்படித் தங்கும் என்று கேட்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள ரிக்டர்ஸ்வெல்டைப் பாருங்கள். சுமார் 1,60,000 ஹெக்டேர் பாலைநிலம். 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதை நிர்வகிப்பது, அங்கேயே ஆடு மேய்க்கும் நாமா மக்கள்.

அவர்கள் ஒரே இடத்தில் தங்குவதில்லை. பருவத்துக்கேற்ப பட்டி மாறுகிறது, மேய்ந்த நிலத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. வீடும் கூடவே போகும்: வளைத்த கம்புகள்மேல் கோரைப்பாய் போர்த்திய குடில். வெயிலில் பாயின் இடுக்கு வழியே காற்று வரும். மழை பட்டால் கோரை ஊறிப் பருத்து இடுக்கு அடைபடும். என்ன அருமையான அறிவு!

செடிகளும் அப்படித்தான். ‘அரைமனிதன்’ என்று அழைக்கப்படும் முள்தண்டுச் செடி, வெயிலை நோக்கி வடக்கே தலை சாய்த்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் நிற்பது போலவே இருக்கும்.

சரி, ஆபத்து எங்கிருந்து? மேய்ச்சல் அளவு மீறினால் நிலம் கெடும், மறுக்கவில்லை. ஆனால் வைரச் சுரங்கங்கள் மண்ணையே புரட்டிப் போட்டன. இப்போது அலங்காரத்துக்காக இலையிலும் தண்டிலும் நீரைச் சேமிக்கும் குட்டிச் சதைச்செடிகளை வேரோடு பிடுங்கிக் கடத்துகிறார்கள். வைரத்துக்காகப் பறிபோன நிலத்தின் மீது நாமா மக்களுக்கு உரிமை உண்டென்று 2003இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் பார்வையில், அந்தத் தீர்ப்பும் செடிகளுக்கான பாதுகாப்புதான். வேலி மட்டும் போட்டால் கடத்தல்காரன் நிற்க மாட்டான்; தினமும் அந்த மலையில் நடக்கிற மேய்ப்பனின் கண்ணுக்குத்தான் புதுக் குழி உடனே தெரியும்.