‘டாஸில் ஷிப்ஸ்’, கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் எண்பதுகளின் இசை பற்றி எழுதும்போது, ஓ.எம்.டி. (ஆர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் தி டார்க்) என்ற பிரிட்டிஷ் மின்னணு இசைக் குழுவின் ‘டாஸில் ஷிப்ஸ்’ ஆல்பத்தை ‘நியூ வேவ் காலத்தில் கவனிக்காமல் விடப்பட்ட முக்கியமான ஆல்பம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். எனக்கு அவர்களுடைய ‘எனோலா கே’ மட்டும்தான் தெரியும். தேடிப் பிடித்து இரண்டு முறை கேட்டேன். முதலில் வருவது பாட்டே இல்லை, ஏதோ வானொலி நிலையத்தின் அறிவிப்பு. அடுத்து ஒரு பொம்மை பேசுகிறது. அப்புறம் சிலர் எழுத்துகளையும் எண்களையும் ஒப்பிக்கிறார்கள். கடைசிக்கு முன்னால் பல நாடுகளில் மணி என்ன என்று சொல்லும் குரல்கள். 12 தலைப்புகளில் பாட்டு என்று சொல்லக்கூடியவை ஏழுதான்.

நான் கேட்க நினைப்பது இது. வெளிவந்தபோது விற்காமல் போனவற்றுக்குப் பிற்காலத்தில் தானாக ஒரு மரியாதை வந்துவிடுகிறது. ‘காலத்தை முந்தியது’ என்று சொல்லிவிடுகிறோம். தோற்றதால்தான் இதைப் பெரிதாக நினைக்கிறோமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. பொதுவாக அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. விற்காமல் போன ஆல்பங்களில் பெரும்பாலானவை விற்காமல் போனதற்கு நல்ல காரணம் இருந்தது. ‘காலத்தை முந்தியது’ என்ற சொல்லும் எனக்குப் பிடிக்காது. இந்த ஆல்பம் 1983-ஐத் தவிர வேறெந்த வருடத்திலும் பிறந்திருக்க முடியாது.

இதன் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கையில் அப்போது போதுமான பாட்டுகள் இல்லை. ‘தி ரொமான்ஸ் ஆஃப் தி டெலஸ்கோப்’ 1981-இலேயே ஒரு சிங்கிளின், அதாவது ஒரு பாட்டுக்காகவே வெளியிடும் சிறிய ரெக்கார்டின், பின்பக்கத்தில் வந்தது, அதுவும் ‘முடிக்கப்படாதது’ என்ற குறிப்போடு. கடைசிப் பாட்டான ‘ஆஃப் ஆல் தி திங்ஸ் வீவ் மேட்’ இன்னொரு சிங்கிளின் பின்பக்கம். ‘ரேடியோ வேவ்ஸ்’ அதற்கும் பழையது, ஓ.எம்.டி. தொடங்கும் முன் அவர்கள் வைத்திருந்த ‘தி ஐடி’ என்ற குழுவின் பாட்டு. எல்லாம் சேர்த்தும் ஆல்பம் மொத்தம் சுமார் 34 நிமிடம்தான். ‘திஸ் இஸ் ஹெலீனா’ இல்லாமல் போயிருந்தாலும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இனி, அதை ஏன் விடாமல் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

இதற்கு முந்தைய ஆல்பம் ‘ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி’, 1981. அதிலிருந்து வந்த மூன்று சிங்கிள்களும் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் போயின. அவற்றில் ‘மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ்’ 1982-இல் ஜெர்மனியில் மிக அதிகமாக விற்ற சிங்கிள். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், மெர்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விர்ரல் பகுதியில் வளர்ந்த இரண்டு பையன்கள், ஆண்டி மெக்ளஸ்கியும் பால் ஹம்ஃப்ரீஸும், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில் அந்த உயரத்துக்குப் போய்விட்டார்கள். அதே மாதிரி இன்னொன்று செய்து கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களோ சிற்றலை வானொலியைப் பதிவு செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

1983 மார்ச்சில் வந்தபோது, முந்தைய ஆல்பத்தின் செல்வாக்கில் இது பிரிட்டிஷ் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது, பிறகு வேகமாக இறங்கிவிட்டது. ‘ஜெனெடிக் எஞ்சினியரிங்’ இருபதாவது இடத்தோடு நின்றது. ‘டெலிகிராஃப்’ முதல் நாற்பதுக்குள்கூட வரவில்லை. முந்தைய ஆல்பத்தை லட்சக்கணக்கில் வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் இதைத் தொடவில்லை. விமர்சகர்களும் கடுமையாகத்தான் எழுதினார்கள்.

நீங்கள் ‘ஏதோ வானொலி நிலையத்தின் அறிவிப்பு’ என்று எழுதியது பிராக் வானொலியின் நிலைய அடையாளம். உண்மையான ஒலிபரப்பிலிருந்து எடுத்தது. அப்போது செக்கோஸ்லோவாக்கியா இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம், கம்யூனிஸ்ட் நாடு. அங்கே போக விசா, அனுமதி, ஆயிரம் கெடுபிடி. ஆனால் அங்கிருந்து வரும் குரல் மட்டும் எந்தக் காவலையும் கேட்காமல் லிவர்பூலில் ஒரு வீட்டு மேசைக்கு வந்துவிடும். அந்த வியப்பிலிருந்துதான் இந்த ஆல்பம் முழுதும் கிளம்புகிறது.

இந்த வியப்பு நம் ஊரில் ஒரு தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டிரான்சிஸ்டரைத் திண்ணைக்கு எடுத்துக்கொண்டு போவார். பிபிசி தமிழோசை, மாஸ்கோவின் தமிழ் ஒலிபரப்பு, வெரித்தாஸ். முள்ளை நகர்த்தும்போது ஒரு ஸ்டேஷனுக்கும் இன்னொரு ஸ்டேஷனுக்கும் நடுவே விசில், கொரகொரப்பு, தந்தி மாதிரி டக்டக், புரியாத பாஷையில் யாரோ செய்தி வாசிப்பது எல்லாம் வரும். ஏரியலின் நுனியை அப்பா இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால் குரல் தெளியும், விட்டால் மங்கிப்போகும். அப்படிப் பிடித்தபடியே முழுச் செய்தியும் கேட்பார். வீங்கி மெலியும் அந்தக் குரலைக் கேட்டால் தூரத்தையே காதால் கேட்கிற மாதிரி இருக்கும்.

இந்த ஆல்பத்தை நான் முதலில் கேட்டது போனில், ஆயிரம் பாட்டுகளோடு கலந்து. வேறு யாருடையவோ இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ‘டைம் ஸோன்ஸ்’ தனியாக வந்து விழுந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டேன். பல வருடம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் எல்.பி. ரெக்கார்டில், வரிசையாகக் கேட்டேன். ஒவ்வொரு நாட்டின் தொலைபேசி மணிச் சேவையிலிருந்தும் எடுத்த குரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் பாஷையில் தன் நேரத்தைச் சொல்கிறது, எல்லாம் வெவ்வேறு நேரம், எல்லாம் சரியான நேரம். அந்த நண்பர் வீட்டுக் கூடத்தில் எனக்குத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு மேல் பேச முடியவில்லை.

நீங்கள் ‘பொம்மை’ என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள். அது ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978-இல் கொண்டுவந்த, குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுக்கும் கருவி. மனிதக் குரலை ஒரே சிப்பில் உருவாக்கியதால் அந்த நாளில் பெரிய அதிசயம். ‘ஜெனெடிக் எஞ்சினியரிங்’ பாட்டில் அதுதான் குழந்தை, தாய், மருத்துவமனை என்று ஒவ்வொரு சொல்லாக, எந்த உணர்ச்சியும் இல்லாமல் உச்சரிக்கிறது. அந்தச் சொற்கள் முடிந்ததும் டிரம்ஸும் கீபோர்டும் கும்மென்று திறக்கும் இடத்தை இன்னொரு முறை கேளுங்கள். மெட்டு அவ்வளவு குதூகலமானது. மரபணுவை மாற்றலாம் என்ற பேச்சில் இருந்த ஆசையும் பயமும் இரண்டும் அதில் இருக்கின்றன. பொம்மையின் குரல் பயத்தை எடுத்துக்கொள்கிறது, மெட்டு ஆசையை எடுத்துக்கொள்கிறது. இதைப் பாட்டு வரிகளில் விளக்கியிருந்தால் சொற்பொழிவாகியிருக்கும்.

தலைப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தபோது, 1917-இல் நார்மன் வில்கின்சன் என்ற ஓவியர் ஒரு யோசனை சொன்னார். கப்பலை மறைக்க முடியாது, புகை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மறைக்க வேண்டாம், குழப்புவோம். கப்பல் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் நீலமுமாக, குறுக்கும் நெடுக்குமாகக் கோணல் பட்டைகள். டார்பிடோவைக் கப்பல் இப்போது இருக்கும் இடத்துக்கு விட்டால் பிரயோஜனமில்லை, போய்ச் சேரப்போகும் இடத்துக்கு விட வேண்டும். பெரிஸ்கோப்பில் பார்ப்பவனுக்கு முன்பக்கம் எது, எந்தத் திசையில் போகிறது, என்ன வேகம் என்று புரியாமல் போனால் குறி தப்பும். இந்த வேலையில் லிவர்பூல் துறைமுகத்தில் இருந்தவர் எட்வர்ட் வாட்ஸ்வொர்த். போர் முடிந்ததும், 1919-இல், கப்பல்களைப் பழுதுபார்க்கும் உலர்துறையில் நிற்கும் அப்படி ஒரு கப்பலைப் பெரிய ஓவியமாக வரைந்தார். இந்தப் பெயரை ஓ.எம்.டி.க்குச் சொன்னவர் அவர்களின் அட்டை வடிவமைப்பாளர் பீட்டர் சாவில்; ஓவியத்தின் தலைப்பிலிருந்து எடுத்தது. அட்டையிலும் அதே பட்டைகள்தான்.

இரண்டாம் பக்கம் அந்தக் கப்பல்களோடுதான் தொடங்குகிறது. சோனார் ஒலி, மூடுபனிச் சங்கு, இரும்பு இரும்போடு உரசுவது. இரண்டே கால் நிமிடம் போல வரும். அது அப்படியே ‘தி ரொமான்ஸ் ஆஃப் தி டெலஸ்கோப்’புக்குள் போய் இறங்கும். 12 தலைப்பிலும் இதைத்தான் முதலாவதாக வைப்பேன். அடியில் சவ ஊர்வலத்தின் வேகத்தில் டிரம்ஸ், மேலே மாதா கோயில் பாடற்குழு மாதிரி கீபோர்டு. மெக்ளஸ்கியின் குரல் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கொஞ்சம் உடைந்து நிற்கும். இதைத் தனிப் பாட்டாகக் கேட்டால் நல்ல சோகப் பாட்டு, அவ்வளவுதான். கப்பல் சங்குகளுக்குப் பிறகு கேட்டால் மூடுபனிக்குள் வெகுதூரம் பார்த்துக்கொண்டு யாரோ நிற்கிறார்கள். பாட்டு ஒன்றுதான், அதற்கு முன்னால் என்ன வந்தது என்பதுதான் வித்தியாசம்.

என் பதில் இதில்தான் இருக்கிறது. நீங்கள் ஏழு பாட்டையும் மிச்சம் ஐந்தையும் பிரித்துப் போட்டு எண்ணியிருக்கிறீர்கள். அந்த ஐந்தும் நம் காதைத் தயார் செய்கிற வேலையைச் செய்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் ஏழு பாட்டு மிஞ்சும், ஆனால் அந்த ஏழும் இதே பாட்டுகளாக இருக்காது.

முதல் பக்கக் கடைசியில் வரும் ‘இன்டர்நேஷனல்’ இன்னும் கடுமையான உதாரணம். நிகராகுவாவில் விரட்டப்பட்ட சர்வாதிகாரி சொமோசாவின் பழைய காவல்படையினர் ஒரு சிறுமியின் கைகளை மணிக்கட்டோடு வெட்டிய செய்தியை ஒரு குரல் வாசிக்கிறது. செய்தி வாசிக்கிறவரின் குரல், அழுத்தம் எதுவும் கிடையாது. அது முடிந்ததும் ஒரு மெதுவான, தாலாட்டு போன்ற மெட்டு வருகிறது. பொம்மையும் நிலைய அறிவிப்பும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அதுவரை வந்தவருக்கு அங்கே மூச்சு நிற்கும். தூரத்துக் குரல் வீட்டுக்குள் வருவது அதிசயம் என்று சொன்னேன். இப்படிப்பட்ட சேதியும் அதே வழியில்தான் வீட்டுக்குள் வருகிறது. கேட்டுவிட்ட பிறகு என்ன செய்வது? எங்கோ ஒரு நாட்டுச் செய்தியைக் கேட்டுவிட்டு ஏரியலிலிருந்து விரலை எடுக்காமலே அப்பா சில நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்தப் பாட்டு அந்தச் சில நிமிடம்தான்.

தோல்வி அவர்களை நன்றாகவே அடித்தது. அடுத்த வருடம் வந்த ‘ஜங்க் கல்ச்சர்’ கரீபியத் தீவான மான்ட்செரட்டிலும் பதிவானது, வெயிலும் நடனமுமான ஆல்பம். அதிலிருந்து ‘லோகோமோஷன்’ மறுபடி ஐந்தாம் இடத்துக்குப் போனது. 1986-இல் அமெரிக்காவிலும் பெரிய வெற்றி கிடைத்தது. அந்தப் பாட்டுகளையும் நான் விரும்பித்தான் கேட்கிறேன். ஆனால் இந்த அடிக்குப் பிறகு பயந்து ஒதுங்கிக்கொண்டோம் என்று மெக்ளஸ்கியே பின்னாளில் பேட்டிகளில் ஒளிவுமறைவில்லாமல் பேசியிருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். 2008-இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் புதிய காதுகள் வந்தன. 2016-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இந்த ஆல்பத்தையும் ‘ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி’யையும் ஒரே இரவில் வாசித்தார்கள். ‘டைம் ஸோன்ஸ்’ முடியும்போதும் ஜனங்கள் கை தட்டுகிறார்கள்.

இன்னும் ஒரு முறை கேட்பதாக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். போனில் வரிசை கலைக்கும் வசதியை அணைத்துவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து, கப்பல் சங்குகளிலிருந்து தொடங்குங்கள். பதினெட்டு நிமிடம் போல ஆகும். கடைசியில் மணி சொல்லும் குரல்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு கிட்டார் ஒரே மாதிரி அடித்துக்கொண்டு வரும், மெலிதாக டிரம்ஸ், அப்புறம் மெக்ளஸ்கி. நாம் செய்து வைத்தவற்றில் என்ன மிஞ்சுகிறது என்பது போல ஒரு பாட்டு. ராத்திரியில், வீடு அடங்கிய பிறகு கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.