சிற்றூழியரும் ஊழியமும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவமனையில் 16 ஆண்டுகளாகச் சிற்றூழியராக வேலை செய்கிறேன். பெட்பான் எடுப்பது, விரிப்பு மாற்றுவது, விடுதியைக் கழுவுவது என் வேலை. எங்கள் ஆலயத்தில் ஒவ்வொருவரும் என்ன ஊழியம் செய்கிறோம் என்று சொல்லும்படி கேட்டார்கள். பாடகர் குழுவினரும் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களும் எழுந்து சொன்னார்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். இரவுக் கடமை முடிந்து வந்து ஜெபிக்க முழங்காலிட்டால் அப்படியே நித்திரையாகிவிடுகிறேன். என் வேலையில் கிறிஸ்துவுக்கு இடம் உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரி,

ஆலயத்தில் உங்களிடம் கேட்கப்பட்ட சொல் உங்கள் பதவியின் பெயரிலேயே இருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் ஆட்சியில் ஊழியம் என்பது கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது. பாட்டும் பிரசங்கமும் மட்டுமே ஊழியம் என்று நாம் எப்போது முடிவுசெய்தோம் என்று தெரியவில்லை. ஆனால் பவுல் அப்படி எழுதவில்லை. கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில் 'பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்' கர்த்தருக்கென்று செய்யுங்கள் என்று அவர் சொல்வது பாடகர் குழுவுக்கு அல்ல. நம் பழைய மொழிபெயர்ப்பு 'வேலைக்காரரே' என்று மென்மையாக்கினாலும், கிரேக்க மூலத்தில் அவர் அழைப்பது அடிமைகளை.

இங்கே எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. இந்த வசனத்தை முதலாளிமார் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொண்ட வரலாறு நீளமானது. அதனால் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அங்கே எஜமான்கள் வேலைக்காரருக்கு 'நீதியும் செவ்வையுமானதை' செய்யும்படி கட்டளை பெறுகிறார்கள். உங்கள் மேலதிக நேரக் கொடுப்பனவு தாமதமானால் அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதால் உங்கள் வேலையின் பரிசுத்தம் குறைந்துவிடாது.

என் தாயார் பேச்சிழந்து விடுதியில் கிடந்த நாட்களில், ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு உங்களைப் போன்ற ஒருவர் விரிப்பு மாற்ற வந்தார். "அம்மா, இப்ப உங்களை இந்தப் பக்கம் திருப்பப் போறன்" என்று முதலில் சொன்னார். தாயாரை ஒருக்களித்துப் பிடித்து, அழுக்கான விரிப்பை உட்புறமாகச் சுருட்டி முதுகோடு ஒதுக்கி, துடைத்து, புதிய விரிப்பின் பாதியை அந்த இடத்தில் விரித்தார். பிறகு மறுபுறம் திருப்பும்போதும் "இப்ப மற்றப் பக்கம், அம்மா" என்றார். பதில் வராது என்பது அவருக்குத் தெரியும். தாதியரும் மருத்துவரும் வார்த்தை பேசியது என்னோடுதான். தாயாரோடு பேசியவர் அவர் ஒருவரே. நான் அவருடைய பெயரைக் கேட்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அதன் பிறகுதான் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய, யோவான் நற்செய்தியின் கானாவூர்க் கலியாணத்தை வேறு விதமாக வாசிக்கத் தொடங்கினேன். ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்வது என்று தமிழில் வருவதால் நாம் சிறிய பாத்திரமாக நினைத்துவிடுகிறோம். மூலத்திலுள்ள அளவின்படி ஒரு குடம் என்பதே ஏறக்குறைய 40 லீற்றர். எனவே ஆறு சாடிகளுக்கும் 500 லீற்றர் அளவிலாவது தண்ணீர் வேண்டும். கிணற்றடியில் வளர்ந்த நமக்கு அது விளங்கும்: 10 லீற்றர் வாளியால் ஐம்பது தரம். விருந்தாளிகள் இரசத்தைக் குடித்தார்கள், விருந்தை மேற்பார்த்த பந்திவிசாரிப்புக்காரன் மணவாளனைப் புகழ்ந்தான், சுமந்தவர்களை ஒருவரும் பாராட்டவில்லை. ஆனால் அந்த இரசம் எங்கிருந்து வந்தது என்பது 'தண்ணீரை மொண்ட வேலைக்காரருக்குத் தெரிந்ததேயன்றி' பந்திவிசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை என்று யோவான் நின்று எழுதுகிறார். அந்த வீட்டில் கிறிஸ்துவின் செயலை மிக அருகில் நின்று கண்டவர்களுள் கை ஈரமாயிருந்த அவர்களும் இருந்தார்கள். உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். 16 ஆண்டுகளில் நீங்கள் அருகில் நின்று கண்டவற்றை ஆலயத்தில் ஒருநாள் சொல்லுங்கள். எங்களுக்கு அவை தெரியாது.

ஜெபத்தின் நடுவே நித்திரையாவதைப் பற்றிக் குற்றவுணர்வு கொள்ளாதீர்கள். களைத்துப்போன எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்டபோது, தூதன் அவனைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு அவன் திரும்பவும் படுத்துக்கொண்டான். இரவுக் கடமை முடிந்து வரும் காலைகளில் நீங்களும் முதலில் சாப்பிடுங்கள்.