ஒரே பண்டிகையை உலகம் முழுக்க ஒரே நாளில் கொண்டாடினால் என்ன?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு ஆபீஸில், பக்கத்து சீட்டு முஸ்லிம் நண்பர் "பெருநாள் நாளைக்கா நாளன்னைக்கா தெரியலையே" என்று சொல்வதை வருடா வருடம் கேட்டுச் சலித்தவர் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்து சீட்டுக்காரன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ராமநாதபுரம் பக்கம் கீழக்கரை, வேலை சென்னையில்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எந்தப் பிறைக் கணக்கு சரி என்ற மார்க்க விவாதத்துக்கு நான் வரவில்லை. அதை ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பார்த்துக்கொள்வார்கள். கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

2024 நோன்புப் பெருநாளையே (ரம்ஜான்) எடுத்துக்கொள்வோம். 29-ஆவது நோன்பு முடிந்த சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. ஏப்ரல் 9 சாயங்காலம் 29-ஆவது நோன்பைத் திறந்த கையோடு பாதி ஊர் பிறை பார்க்கப் படகுத்துறைப் பக்கம்தான் நின்றது. சின்னப் பையன்கள் மேகத்தின் ஓரத்தையெல்லாம் பிறை என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) அதற்குள் போனில், "இங்க நாளைக்குப் பெருநாள், அங்க என்னாச்சு?" என்கிறார். கேரளாவிலும் மறுநாளே என்று தகவல் வந்துவிட்டது. நமக்குப் பிறை தென்படவில்லை, அதனால் முப்பது நோன்பையும் பூர்த்தி செய்து 11-ஆம் தேதிதான் பெருநாள். உம்மா பிரியாணிக்குச் சொல்லிவைத்த கறியை ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு சஹருக்கு (நோன்பு வைக்க விடியுமுன் சாப்பிடும் சாப்பாடு) அரிசி களைய ஆரம்பித்துவிட்டார். மறுநாள் காலையில் காக்கா புதுச் சட்டையும் அத்தருமாக வீடியோ காலில் வந்து பிரியாணியைக் காட்டுகிறார், நாங்கள் நோன்பு வாயோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

எங்கள் ஊர் இனிப்பான தொதல் மட்டும் பிறைக்குக் காத்திருக்காது. அதை முன்கூட்டியே கிண்டிவிடுவோம். தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்து விறகடுப்பில் மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். எண்ணெய் பிரிந்து, பாத்திரத்தில் ஒட்டாமல் மொத்தமாகச் சுருண்டு வரும்போது இறக்க வேண்டும். கடைசி அரை மணி நேரம் அகப்பையை நகர்த்த ஆம்பளைக் கையே வலிக்கும், ஆனால் அதைச் செய்வது எங்கள் வீட்டில் லாத்தா (அக்கா)தான். இலங்கையிலும் மலேசியாவிலும் இதே இனிப்பு உண்டு. மலேசியாவில் பெருநாளுக்குப் பெரிய கொப்பரை வைத்துக் கூட்டமாக நின்று கிண்டுகிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். சூரியன் மறைந்ததும் கொஞ்ச நேரம்தான் பிறை கண்ணில் படும். இங்கே படாதது இரண்டரை மணி நேரம் கழித்து மக்காவில் பட வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதற்குள் நிலா சூரியனை விட்டு இன்னும் கொஞ்சம் விலகியிருக்கும். துருக்கி மாதிரி கணக்குப் போட்டு முன்கூட்டியே தேதி குறிக்கிற நாடுகளும் உண்டு. மொராக்கோ மாதிரி கண்ணால் பார்த்தால்தான் என்கிற நாடுகளும் உண்டு.

இது எங்களுக்கு மட்டுமா? ரஷ்யாவில் பழைய ஜூலியன் காலண்டர்படி கிறிஸ்துமஸ் ஜனவரி 7. சீனாவும் வியட்நாமும் ஒரே மாதிரி நிலாக் கணக்கில்தான் புத்தாண்டு கொண்டாடுகின்றன, ஆனாலும் 2007-இல் வியட்நாமுக்கு பிப்ரவரி 17, சீனாவுக்கு 18. அமாவாசை பிறந்த நேரம் வியட்நாம் கடிகாரத்தில் ராத்திரி பதினொன்றேகால், ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் சீனக் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், லீவு கேட்கப் போனபோது என் மேனேஜர் எல்லார் முன்னாலும், "முதல்ல உங்க ஆளுங்க பேசி ஒரு தேதி முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார். அவர் வடநாட்டுக்காரர். தீபாவளிக்கு இங்கே விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி போட்டு, மத்தியானம் தூங்கியும் எழுந்த பிறகுதான் அவர் வீட்டில் லட்சுமி பூஜைக்கு விளக்கேற்றுவார்கள். சில வருடம் அதுவும் மறுநாள்தான். அதை யாராவது கேட்டோமா?

அதைவிடப் பெரிய கொடுமை ஊருக்குப் போகிற ஆம்னி பஸ். பிறை அறிவிப்பு வந்த ராத்திரி டிக்கெட்டைத் தள்ளிப் போடக் கேட்டால் "தேதி மாத்த முடியாது சார், கேன்சல் பண்ணிட்டுப் புதுசா போடுங்க" என்கிறார்கள், அந்தப் புது டிக்கெட் அதற்குள் இரண்டு மடங்கு ஆகியிருக்கும். ராமநாதபுரம் வரை ரயிலில் போகலாமே என்று அறிவுரை சொல்ல வருபவர்கள், பெருநாள் வாரத்து வெயிட்டிங் லிஸ்ட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.