கருகிய நூறு ரூபாய்

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸ் தீவின் வாக்வாவிலிருந்து எழுதுகிறேன். ரோஸ்ஹில் மாமா போன மாதம் தவறிவிட்டார். எங்கள் ரூபாய்த்தாள் சேகரிப்பு வட்டத்தில் அவர் கொடுத்த தாள் இல்லாத ஆல்பமே கிடையாது. பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை, பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்கள். மொத்தமாக விற்பதா, பிரித்து விற்பதா? பாதிக்கு மேல் கசங்கிய தாள்கள். தாளோடு அவர் செருகி வைத்த துண்டுச்சீட்டுகளை எடுத்துவிட்டுப் புது ஆல்பத்தில் அடுக்கலாமா? 1998 தாள்களுக்கு என்ன விலை வரும்?

*

அன்புள்ள தம்பி,

ஒரு வாரமாக அவர் நினைப்பாகவே இருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

விலை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இப்போது சொல்ல மாட்டேன்.

சீட்டுகளை எடுத்துவிடலாமா என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு சீட்டையாவது படித்தீர்களா? வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசி வளர்ந்த மனிதர். கோயிலில் தேவாரம் கேட்டுக் கண்கலங்குவார், ஒரு வரி வாசிக்கத் தெரியாது. நாற்பது வயதுக்கு மேல், நம் ரூபாய்த்தாளில் இருக்கும் தமிழைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டினார். அவர் படித்த முதல் எழுத்து ‘அ’ இல்லை, ‘ரூ’. அதனால் அந்தச் சீட்டுகளில் பேச்சு கிரியோல், எழுத்து தமிழ். ‘பஸார் போர்லுயி’, அதாவது போர்ட் லூயி சந்தை, என்று கோணல்மாணலாக எழுதி, கீழே மீன்காரர் பெயர், தேதி. எந்தத் தாள் யார் கையிலிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. அதைக் குப்பை என்கிறீர்கள்!

கசங்காத தாளுக்குத்தான் மதிப்பு என்று உங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அச்சகத்திலிருந்து நேரே ஆல்பத்துக்குப் போன தாளுக்கு இந்தத் தீவைப் பற்றி என்ன தெரியும்? வியர்வை பட்டதா, மீன் வாசனை பட்டதா? மாமா தாளை முதலில் மோந்து பார்ப்பார். நாங்கள் சிரிப்போம்.

1998 அவரை உலுக்கிய வருடம். அதுவரை நம் தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்தது தமிழ், அதற்குப் பிறகு இந்தி. அந்த நவம்பரில் வந்த புதுத் தாள்களில் தமிழைக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தார்கள். கடைசியில் அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, மறு வருடம் பழைய வரிசையிலேயே வந்தன. நமக்கெல்லாம் அது மானப்பிரச்சினை. அவருக்கோ தன் பள்ளிக்கூடத்தையே இடம் மாற்றிவிட்ட மாதிரி. பகலெல்லாம் ஆத்திரப்பட்டுவிட்டு, சாயங்காலம் அதே தாளைத் தேடிக் கடை கடையாக அலைந்தார். சேகரிக்கிறவன் புத்தி எங்கே போகும்!

எனக்கும் அதில் ஒரு நூறு ரூபாய் கிடைத்தது, நம் தீவின் அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசன் முகம் போட்டது. நாலாக மடித்திருந்த தாள். மடிப்பை எடுக்கிறேன் பேர்வழி என்று இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்தேன். ஓரம் கருகிச் சுருண்டுவிட்டது. அழாத குறையாக ரோஸ்ஹில்லுக்கு எடுத்துப்போனேன். மாமா அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தாளுக்குள் மறைந்திருக்கும் வாட்டர்மார்க்கில், இந்தத் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையின் தலை தெரிந்தது. “செத்த பறவையை இன்னொரு தடவை கொல்லப் பார்த்தாயா?” என்று கிரியோலில் கேட்டார். அரைமணி நேரம் திட்டு. பிறகு தன்னிடம் இருந்த நல்ல தாளை உருவி என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கருகியதைத் தன் ஆல்பத்தில் செருகினார். பென்சிலை நாக்கில் தொட்டு ஒரு சீட்டு எழுதினார். என்னிடம் காட்டவில்லை.

வட்டத்தில் எல்லோருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். உங்களுக்கும் இருக்கும், கடிதத்தில்தான் அதைக் காணோம்.

புது ஆல்பம் வாங்குவதானால் பிவிசி உறை வேண்டாம், நாளானால் பிசுபிசுத்துத் தாளைக் கெடுத்துவிடும். மொத்தமா பிரித்தா என்பதைப் பிள்ளைகளைக் கேட்டுச் செய்யுங்கள். எங்கே போனாலும் சீட்டு தாளோடு போகவேண்டும். அந்தக் கருகிய நூறு உள்ளே எங்காவது இருக்கும், தேடிப்பாருங்கள். சீட்டில் என் பெயரைத் தப்பாகத்தான் எழுதியிருப்பார். அதற்கு மட்டும் நீங்கள் சொல்வதுதான் விலை.